மூச்சு விட்டாலே நடுங்கிய ஆண்ட்ரோமெடா

ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தின் படம் 2015-இல் வெளியானது. 69,536 x 22,230 பிக்சல், ஏறத்தாழ 150 கோடிப் புள்ளிகள். சுட்டியால் இழுத்து இழுத்து மணிக்கட்டு வலித்ததால், உடலை அசைத்தே அதில் உலவ ஆசைப்பட்டேன். வெப்கேமராவும், அதன் படத்தில் உடலசைவைக் கண்டறியும் மீடியாபைப் என்ற மென்பொருளும் போதும். அந்த மென்பொருள் உடலில் 33 புள்ளிகளை அடையாளம் காணும்.

முதலில் மூக்கு இருக்கும் இடத்தையே படத்தின் இடமாக வைத்தேன். முழுப்படத்தில் பிழையில்லை. நெருங்கிப் பார்த்தபோதோ, மூச்சு விட்டாலே விண்மீன்கள் நடுங்கின. நிலையை விட்டு வேகத்துக்கு மாறினேன்: எவ்வளவு சாய்கிறேனோ அவ்வளவு வேகமாகப் படம் நகரும், நிமிர்ந்தால் நின்றுவிடும். நடுவில் சிறு அசைவுகளைக் கண்டுகொள்ளாத பகுதி ஒன்றையும் விட்டேன். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் சாய்வின் பழைய மதிப்பில் 80 சதவீதம், புதியதில் 20 சதவீதம் எனக் கலந்ததும் நடுக்கம் அடங்கியது. கொஞ்சம் தாமதம் உண்டு, பழகிவிடும்.

பெரிய தலைவலி பெரிதாக்குவதில்தான். கேமராவை நெருங்கினால் படம் பெரிதாக வேண்டும்; அந்தத் தூரத்தைத் தோள்களின் இடைவெளியை வைத்துக் கணித்திருந்தேன். தேநீர்க் கோப்பையை எடுக்கப் பக்கவாட்டில் திரும்பினேன். இடைவெளி குறுகியது, நான் பின்வாங்கியதாக எண்ணிப் படம் சுருங்கிவிட்டது! இரண்டு நாள் குழம்பிய பிறகே, தோளுக்கும் இடுப்புக்கும் உள்ள நீளம் திரும்பினாலும் அவ்வளவாக மாறாது என்று உறைத்தது. அதை அளவுகோலாக்கினேன். இடுப்பு கேமராவில் தெரிய வேண்டுமென்பதால், இப்போது நின்றுகொண்டுதான் பார்க்கிறேன்.