ஜெல்லில் பட்டை வந்துவிட்டால் போதுமா? பாக்டீரியாவில் நொதி தயாரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாவர நொதி ஒன்றின் மரபணுவை ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் ஏற்றி, புரத உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜி என்ற வேதிப்பொருளைச் சேர்த்து, மறுநாள் புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல் ஓட்டினால் தடித்த பட்டை தெரிகிறது. நொதி கிடைத்துவிட்டது என்று பலரும் அங்கேயே முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்தத் துறையில் அதிகம் ஏமாற்றுவது அந்தப் பட்டைதான். செல்களை உடைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே நிற்கும் தெளிவையும் அடியில் தங்கும் படிவையும் தனித்தனியாக ஜெல்லில் ஏற்றிப் பாருங்கள். பட்டை முழுக்கப் படிவில் இருந்தால், புரதம் சரியாக மடியாமல் திரண்டு கிடக்கிறது. லிட்டர் கணக்கில் வளர்த்தாலும் அதனால் பெரும்பாலும் பயனில்லை.

பல நேரம் இதற்குக் காரணம் அவசரம். 37 டிகிரியிலேயே 1 மில்லிமோலார் ஐபிடிஜி கொடுத்தால், புரதம் மடிவதற்குள் அடுத்தது வந்து குவிகிறது. ஐபிடிஜி சேர்க்கும் முன் வெப்பத்தை 16 முதல் 20 டிகிரிக்கு இறக்கி, 0.1 மில்லிமோலார் அளவில் கொடுத்து, இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். பட்டை மெலியலாம், ஆனால் கரைந்த நொதி கூடும்.

மரபணுவை அப்படியே எடுத்து வைப்பதும் தவறு. ஏஜிஏ, ஏஜிஜி போன்ற கோடான்கள் (அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியீடுகள்) ஈ. கோலையில் அரிது, அதனால் அவற்றை மாற்றி எழுத வேண்டியிருக்கும். பி450 வகை நொதி என்றால் சவ்வில் ஊன்றும் முன்பகுதியை வெட்டவேண்டி வரும், கூடவே எலக்ட்ரான் கொடுக்கும் ரிடக்டேஸ் என்ற துணை நொதியும் வேண்டும்.

அப்புறம், சோதனை. பாரா-நைட்ரோஃபீனைல் சேர்ந்த செயற்கைப் பொருளில் மஞ்சள் நிறம் வந்ததும் திருப்திப்பட்டுவிடக் கூடாது. நமக்கு வேண்டியது ரூட்டின் என்ற தாவரச் சேர்மத்திலிருந்து ரேம்னோஸ் என்ற சர்க்கரையை மட்டும் நீக்கி ஐசோகுவெர்சிட்ரின் பெறுவது என்றால், ரூட்டினையே கொடுத்து, கலவையில் உள்ளவற்றைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கருவியில் பார்க்க வேண்டும். கலவையில் பீட்டா-குளுக்கோசிடேஸ் கொஞ்சம் கலந்திருந்தாலும் குளுக்கோஸும் கழன்று, குவெர்சிடின் வந்து நிற்கும். அதனால் நம் மரபணு இல்லாத வெறும் பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏ) ஏற்றிய செல்களின் சாற்றையும் கட்டாயம் அதே வினையில் ஓட்டுங்கள். குறிப்பிட்ட இடைவெளிகளில் மாதிரி எடுங்கள், இறுதியில் மட்டும் பார்த்தால் நடுவில் உருவாகி அழிந்தது தெரியாது.

சர்க்கரையைச் சேர்க்கும் வினையில் வேறொரு சிக்கல். சீனித்துளசியின் இனிப்புப் பொருளான ஸ்டீவியோசைடை இன்னொரு இனிப்பான ரெபாடியோசைடு ஏ ஆக்கும் யூஜிடி76ஜி1 நொதிக்கு, குளுக்கோஸைச் சுமந்து வரும் யூடிபி-குளுக்கோஸ் தேவை. அது விலை அதிகம். குளுக்கோஸைக் கொடுத்தபின் மிஞ்சும் யூடிபி வினையையும் தடுக்கும். சுக்ரோஸ் சிந்தேஸ் என்ற நொதியையும் சுக்ரோஸையும் சேர்த்தால் அந்த யூடிபியே மறுபடி யூடிபி-குளுக்கோஸாகிவிடும். இந்த ஏற்பாட்டைக் கடைசிக்குத் தள்ளாமல், முதல் சோதனைக் குழாயிலிருந்தே வைத்துப் பாருங்கள்.