கார் நகராமல் சத்தம் மட்டும் போட்டால்: மலையக ரோட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஞ்சின் ஒழுங்காக ஓடுகிறது. கியரும் விழுகிறது. எக்ஸிலேட்டரை மிதித்தால் அடியிலிருந்து கடகடவென்று சத்தம் வருகிறதே தவிர, கார் இம்மியும் நகரவில்லை. புசல்லாவைக்கும் றம்பொடைக்கும் நடுவில் ஒரு வளைவில் இப்படி நின்றுவிட்டால் ஐந்து நிமிடத்தில் நாலு பேர் கூடிவிடுவார்கள். ஓட்டோக்காரர் ஒரு வியாதி சொல்வார், மரக்கறி லொறிக்காரர் வேறொன்று சொல்வார். கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் தீர்ப்பு ஒன்றுதான்: "கியர் பெட்டி போயிருச்சு அண்ணே."

போயிருக்கலாம். ஆனால் கழன்று வந்த ஒரு எக்ஸலும் (கியர் பெட்டியிலிருந்து சக்கரத்தைச் சுற்றவைக்கும் தண்டு) இதே சத்தத்தைத்தான் போடும். எக்ஸல் அரை நாள் வேலை. கியர் பெட்டி என்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்து மலைக்கு ஏற்றி வர வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அதனால் நம் ரோட்டில் ஓடுபவற்றில் நிறைய வயதான கார்கள். தவறான இடத்தைப் பிரித்துப் பார்க்க யாரிடமும் காசு கொட்டிக் கிடக்கவில்லை.

'பி'யில் போட்டாச்சு, நிற்கும் என்று இறங்குவது

எல்லாத் தவறிலும் இதுதான் ஆளையே கொல்லக்கூடியது. சாதாரண முன்சக்கர இழுவைக் காரில் கியர் பெட்டிக்குள் இருக்கும் டிபரென்ஷல், வலது எக்ஸலுக்கும் இடது எக்ஸலுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிறது. அதன் சுபாவம், எந்தப் பக்கம் இலகுவாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கம் ஓடுவது. இடது எக்ஸல் உடைந்தோ, பல் தேய்ந்தோ, கியர் பெட்டியிலிருந்து வெளியே வந்தோ விட்டால், எஞ்சின் கொடுப்பதெல்லாம் அந்த வெறும் பக்கத்திலேயே சுற்றித் தீரும். வலது பக்கம் முழுசாக இருந்தும் கார் நகராது.

இதன் மறுபக்கத்தைத்தான் பலர் யோசிப்பதில்லை. ஓட்டோ கியர் காரை 'பி'யில் (பார்க்கில்) போடும்போது பூட்டுவது கியர் பெட்டியின் உட்பக்கம். ஒரு பக்க எக்ஸல் இல்லையென்றால் அந்தப் பூட்டு சக்கரத்துக்குப் போய்ச் சேராது. கார் சரிவில் தாராளமாக உருளும். மெனுவல் காரை முதல் கியரில் நிறுத்தினாலும் இதே கதைதான். ஆகவே நகராத காரில் கியர் பிடிக்கும் என்று நம்பக் கூடாது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சரிவுப் பக்கமாக இரண்டு சக்கரத்துக்கும் கனமான கல் வைத்து, உருண்டாலும் மண்மேட்டில் போய் முட்டும்படி முன் டயர்களைத் திருப்பி வைத்த பிறகுதான் மற்ற ஆராய்ச்சியெல்லாம். (வேலை முடிந்ததும் அந்தக் கற்களை எடுத்து ஓரமாகப் போடுங்கள். இரவில் மூடுபனிக்குள் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு அவை தெரியாது.)

நான்கு சக்கர இழுவை ஜீப் என்றால் இன்னொன்று. சின்ன லீவர், ஹைக்கும் லோவுக்கும் நடுவில் நியூட்ரலில் நின்றுவிட்டாலும் வண்டி நகராது, 'பி'யும் பிடிக்காது. தோட்டத்துப் பாதையில் ஏறிவிட்டு ரோட்டுக்கு வந்ததும் லீவரை அரைகுறையாகத் தள்ளினால் இது நடக்கும். அது பழுதே கிடையாது.

"இன்னொரு தடவை ரேஸ் பண்ணுங்க"

கூட்டத்தில் யாராவது இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். முதல் தடவை வந்த சத்தத்திலேயே தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. அடுத்தடுத்த ரேஸ்கள் பழுதை வளர்க்கும். பல் உடைந்த கியர் என்றால் அந்தத் துண்டு மற்றப் பற்களுக்குள்ளும் போகும். எக்ஸலின் பல் பாதி தேய்ந்திருந்தால் மீதியும் போய்விடும். கிளச் வழுக்குகிறது என்றால் பிளேட்டோடு ஃப்ளைவீலும் சூட்டில் நீலம் பாய்ந்துவிடும்.

பார்ப்பதற்கு ஐடிலே போதும். பிரேக்கை மிதித்தபடி கியரைப் போட்டு, இரண்டு மூன்று விநாடி கவனித்துவிட்டு நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள். அந்த நேரத்தில் காரின் முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. அடியில் எட்டிப் பார்க்க ஆசையாக இருந்தால் தலைக்குப் பதிலாக போனை அனுப்புங்கள்: வீடியோவைப் போட்டு, சக்கரத்துக்கு நேரே ஓரமாகத் தரையில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். எக்ஸல் சுற்றுகிறதா, சுற்றினால் சக்கரமும் கூடச் சுற்றப் பார்க்கிறதா என்பது அதில் பதிவாகிவிடும். சத்தமும் பதிவாகும், கராஜ் பாஸுக்குக் காட்ட.

சத்தத்தைக் கேட்கிறோம், எஞ்சினைக் கேட்பதில்லை

என்ன சத்தம் என்று குழம்புவதற்கு முன் பார்க்க வேண்டியது, கியரைப் போட்டதும் எஞ்சின் பாரத்தை உணர்கிறதா என்பது. உணர்ந்தால் அது திணறும், ஆர்பிஎம் இறங்கும், காரின் பின்பக்கம் லேசாகக் குந்தும். அப்படியானால் சக்தி சக்கரம் வரை போகிறது. சக்கரத்தைத்தான் ஏதோ பிடித்து வைத்திருக்கிறது. நுவரெலியாவில் இது சர்வ சாதாரணம். மழையில் ஓடி வந்து, நனைந்த காரை ஹேண்ட் பிரேக்கோடு இரண்டு மூன்று நாள் விட்டால் லைனிங் டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். மெதுவாக முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு அசைவு கொடுத்தால் 'டங்' என்று விட்டுக்கொடுக்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து டிபரென்ஷலைச் சந்தேகிக்க வேண்டாம். சமதரையான முற்றத்தில், நல்ல நிலையில் இருக்கும் காரை ஈர நாட்களில் ஹேண்ட் பிரேக் போடாமல், கியரிலும் கல்லிலும் நிறுத்துவது பழைய டிரைவர்மாரின் வழக்கம். அதில் நியாயம் இருக்கிறது.

எஞ்சின் பாரமே உணராமல் வெறுமனே கத்தினால், எஞ்சினிலிருந்து சக்கரம் வரை சக்தி போகும் தொடர் எங்கோ அறுந்திருக்கிறது. இப்போது ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். பல பழைய ஜப்பான் கார்களில் வேக சென்சர் கியர் பெட்டியின் வெளிமுனையில் இருக்கிறது. கார் நின்றபடி முள் ஏறினால் பெட்டி தன் வேலையைச் செய்துவிட்டது. அறுந்தது அதற்கப்பால், எக்ஸல் பக்கம். டோர்ச் அடித்து ரிம்மின் உட்பக்கத்தைப் பாருங்கள். சீவி ஜொயின்டின் (எக்ஸல் முனையில் உள்ள மூட்டு) ரப்பர் பூட் கிழிந்திருந்தால் கறுப்புக் கிரீஸ் விசிறியடித்து, அதன் மேல் ரோட்டுப் புழுதி பிடித்து ஒரு வளையமாகக் காய்ந்திருக்கும். கியர் பெட்டியோடு எக்ஸல் சேரும் இடத்தில் புதிதாக ஒயில் வழிந்திருந்தால் எக்ஸல் வெளியே வந்திருக்க வாய்ப்பு அதிகம். முள்ளும் அசையாவிட்டால் சந்தேகம் பெட்டிக்குள்ளோ, எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவிலோ போகிறது.

மெனுவல் காரில் அந்த நடுவில் இருப்பது கிளச். கருகின வாசனையோடு, சத்தம் அதிகமில்லாமல் நின்றால் பெரும்பாலும் அதுதான். ஆள் நிரம்பிய காரில் கடுகண்ணாவை ஏற்றத்தை அரைக் கிளச்சில் ஊர்ந்தால் வேறென்ன ஆகும்? ஆறவிட்டால் கொஞ்சத் தூரம் நகரும். அதைப் பார்த்து "சரியாயிருச்சு" என்று அடுத்த மலையில் ஏற்றுவார்கள். சந்தேகம் இருந்தால் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, மூன்றாவது கியரில் போட்டு, கிளச்சை விடுங்கள். எஞ்சின் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் பிளேட் பிடிக்கவில்லை. நியூட்ரலில் இரைச்சல் இருந்து, கிளச்சை மிதித்ததும் மறைந்தால் கியர் பெட்டியின் முன் பெயாரிங். மிதிக்கும்போது மட்டும் வந்தால் ரிலீஸ் பெயாரிங். சத்தமே இல்லாமல் கியர் லீவர் தொளதொளவென்று ஆடினால், கியர் கேபிளின் நுனியில் ஒரு புஷ் கழன்றிருக்கும். மிகவும் மலிவான பழுது அதுதான், கடைசியாகப் பார்ப்பதும் அதைத்தான்!

ஓட்டோ கியர் காரில் ஆட்களை நன்றாக ஏமாற்றுவது ஃப்ளெக்ஸ் பிளேட். எஞ்சினையும் டோர்க் கன்வேர்ட்டரையும் இணைக்கும் மெல்லிய தகடு அது. அதில் வெடிப்பு விழுந்தாலோ போல்ட் கழன்றாலோ, 'பி'யில் ஐடிலில் நிற்கும்போதே 'டக் டக்' என்று தட்டும்; அசப்பில் எஞ்சின் பிக் எண்ட் பெயாரிங் அடிப்பது போலவே இருக்கும். அதை நம்பி எஞ்சினைப் பிரித்தவர்கள் உண்டு. தகடு முழுதாக உடைந்தால் கார் எந்தக் கியரிலும் நகராது. கியரைப் போடும்போது தட்டலின் தாளம் மாறுகிறதா என்று கேளுங்கள். மாறினால் எஞ்சினைப் பிரிக்கச் சொல்லும் முன், எஞ்சினும் கியர் பெட்டியும் சேரும் இடத்தின் கீழ் மூடியைக் கழற்றி அந்த போல்ட்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு பழுதை ஒன்றாகக் கட்டுவது

சத்தமும் வருகிறது, காரும் நகரவில்லை என்றதும் இரண்டுக்கும் ஒரே காரணம் என்று எடுத்துக்கொள்கிறோம். தோட்டத்துக் கல் ரோட்டில் வந்த காரில் பிரேக் டிஸ்குக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுக்கும் இடையில் ஒரு சின்னக் கல் மாட்டினால் கேட்கவே கூசும்படி கிரீச்சிடும். ஆனால் அந்தக் கல் காரை நிறுத்தாது. வீல் பெயாரிங் இரைச்சலும் அப்படித்தான், மாதக்கணக்கில் இரைந்துகொண்டே ஓடும். 'இந்தச் சத்தம் நேற்றும் இருந்ததா?' என்ற கேள்வியை வீட்டில் காரை ஓட்டுகிற எல்லோரிடமும் கேட்பது நல்லது.

ஜக்கில் தூக்கிச் சுற்றவிடுவது

ரோட்டோரத்தில் இதைச் செய்யவே கூடாது. சரிவில் ஜக் சாயும். தவிர, இதில் கிடைக்கும் பதிலும் பாதி பொய். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால் டிபரென்ஷல் முழுச் சுற்றையும் அதற்கே கொடுக்கும். ஸ்பீடோமீட்டர் காட்டுவதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் அது சுற்றும். தொங்கும் சக்கரத்தில் எக்ஸலின் கோணமும் மாறுவதால், நல்ல ஜொயின்ட்கூடத் தட்டும். பாரம் ஏறினால்தான் வரும் சத்தமோ அங்கே வரவே வராது. கராஜில் ஸ்டாண்ட் வைத்து இரு பக்கமும் தூக்கிப் பார்ப்பது வேறு விஷயம்.

ஒயிலை ஊற்றிப் பார்ப்போம்

ஒயில் குறைந்த ஓட்டோ பெட்டி, ரேஸுக்கேற்ப ஏறி இறங்கும் முனகலோடு கியரைத் தாமதமாகப் பிடிக்கும். மிகவும் குறைந்தால் பிடிக்கவே பிடிக்காது. அளவு பார்ப்பது சரி. ஆனால் சரிவில் நிற்கும் காரில் டிப் ஸ்டிக் காட்டும் அளவு கணக்கில் சேராது, சிவிடி (பட்டியில் ஓடும் ஓட்டோ கியர்) பெட்டிகள் பலவற்றில் டிப் ஸ்டிக்கே இல்லை. கையில் இருக்கும் ஏதோ ஒரு ஏடிஎஃப்பை (சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை) சிவிடியில் ஊற்றினால், அதுவரை பிழைக்க வழியிருந்த பெட்டியும் போய்விடும்.

"இறக்கம்தானே, உருட்டிக்கொண்டே போயிடலாம்"

ஹட்டனிலிருந்து கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போது இந்த யோசனை வரும். எஞ்சின் நின்றால் பிரேக் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்குத்தான் காற்று உதவி மிச்சம். அப்புறம் பெடல் கல்லாகிவிடும். ஸ்டீயரிங்கும் கனக்கும். வேனில் கயிறு கட்டி இறக்கினாலும் இதே ஆபத்துதான். அதோடு, ஓட்டோ கியர் காரின் இழுவைச் சக்கரங்கள் தரையில் உருண்டால், எஞ்சின் ஓடாததால் பெட்டிக்குள் ஒயில் பம்ப் சுற்றாது. உயவில்லாமலே உள்ளே எல்லாம் ஓடும். அக்வா, ப்ரியஸ் போன்ற ஹைபிரிட்டில் சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றி மின்சாரம் உண்டாக்கும், ஆகவே இழுவைச் சக்கரங்கள் தரையில் படவே கூடாது. ஹைபிரிட்டுக்கும் நான்கு சக்கர இழுவைக்கும் நாலு டயரும் மேலே ஏறும் தட்டு லொறிதான் சரி. செலவு கூட என்றாலும் அதைக் கூப்பிடுங்கள். ஹைபிரிட்டின் செம்மஞ்சள் வயர்கள் பக்கம் கையே போகக் கூடாது.

கராஜுக்குப் போனதும் "கியர் பெட்டி போயிருச்சு, பாஸ்" என்று ஆரம்பித்தால் அவரும் அங்கிருந்தே ஆரம்பிப்பார். எந்தக் கியரில் சத்தம், எஞ்சின் திணறியதா, முள் ஏறியதா, வாசனை வந்ததா, நிற்பதற்கு முன் ரோடு எப்படி இருந்தது என்று மட்டும் சொல்லி, போன் வீடியோவைக் காட்டுங்கள். பட்டரி வயரைக் கழற்றும் முன்பே ஸ்கேன் பண்ணி, வந்த பழுதுக் கோட்களை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். கழற்றினால் சில கார்களில் அவை அழிந்துவிடும். பெட்டியின் ஒயிலை இறக்கினால் கூடவே நின்று பாருங்கள். ட்ரெயின் போல்ட்டின் காந்தத்தில் மை போல ஒட்டியிருக்கும் சாம்பல் நிறப் பசை வழக்கமான தேய்மானம். நகத்தில் சுரண்டி எடுக்கும் அளவுக்குத் துண்டு வந்தால் அப்போது பெட்டியை இறக்குவதைப் பற்றிப் பேசலாம்.