தனியாக இருக்கும் மாலைகளில் நாட்குறிப்பு எழுதுவது எப்படி? முதல்முறை தொடங்குபவர்களுக்கு

கோலாலம்பூரில் தனியாக வாழும் தமிழர்கள் நிறைய பேர். சுங்கைப் பட்டாணியிலிருந்தும் தெலுக் இந்தானிலிருந்தும் வேலைக்கு வந்து, செந்தூலில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்கள் ஒரு பக்கம். பிள்ளைகள் கல்யாணமாகி ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கும் அம்மாக்கள் இன்னொரு பக்கம். பகல் எப்படியோ ஓடிவிடும். குளித்து, சாப்பிட்டு முடித்த பிறகு வரும் இரண்டு மணி நேரம்தான் கனக்கும். கை தானாகக் கைப்பேசிக்குப் போகும். தூங்கப் போகும்போது, இவ்வளவு நேரம் எதைப் பார்த்தோம் என்பதே நினைவில் இருக்காது.

அந்த நேரத்தில் 15 நிமிடத்தை ஒரு நோட்டுப் புத்தகத்துக்குக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். நாட்குறிப்பு என்றாலே சோகத்தைக் கொட்டி வைக்கும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. எது நம்மை மகிழ்விக்கிறது என்பது நமக்கே சரியாகத் தெரிவதில்லை. எழுதி வைத்து, சில வாரம் கழித்துத் திரும்பப் படிக்கும்போதுதான் தெரிகிறது. திரும்பப் படிப்பது இதில் பாதி வேலை. அதைச் செய்யாமல் விடுவதால்தான் பலர் கொஞ்ச நாளிலேயே "இதில் என்ன பயன்?" என்று மூடி வைத்துவிடுகிறார்கள்.

தனியாக உட்கார்ந்திருப்பது உங்களுக்குக் கஷ்டமாக இருந்தால் அதை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திமோத்தி வில்சனும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களை வெறும் அறையில் தங்கள் எண்ணங்களோடு மட்டும் 15 நிமிடம் உட்கார வைத்தார்கள். விரும்பினால் ஒரு பொத்தானை அழுத்தித் தனக்குத்தானே மின்னதிர்ச்சி கொடுத்துக்கொள்ளலாம். அந்த அதிர்ச்சியைத் தவிர்க்கக் காசு கொடுக்கவும் தயார் என்று முன்பே சொன்னவர்களில், 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்தினார்கள். சும்மா உட்கார்ந்து மனத்தைப் பார் என்றால் யாருக்கும் சிரமம்தான். கையில் பேனா இருந்தால் மனத்துக்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது.

முதலில் நோட்டுப் புத்தகம்

பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் போதும். சில வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கிடைக்கும். தோல் அட்டை போட்ட அழகான டைரியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதைத் திறந்தாலே நல்லதாக ஏதாவது எழுத வேண்டும் என்ற பயம் வந்துவிடுகிறது. கைப்பேசியிலும் எழுதலாம்தான், ஆனால் மூன்றாவது வரியில் வாட்ஸ்அப் கூப்பிடும். கை வலி உள்ள பெரியவர்கள் மட்டும் குரல் பதிவு செய்துகொள்ளலாம்.

எந்த மொழியில் எழுதுவது? "அக்கா, ஆறாம் ஆண்டோடு தமிழ் எழுதுவதையே விட்டுவிட்டேன், எப்படி எழுதுவேன்?" என்று ஒரு தங்கை கேட்டாள். வீட்டில் எப்படிப் பேசுகிறாயோ அப்படியே எழுதும்மா என்றேன். நடுவில் மலாய் வரட்டும், ஆங்கிலம் வரட்டும். தமிழ் ஓசையை ரோமன் எழுத்தில் எழுதினாலும் சரி. யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை.

இன்னொன்று, இது முக்கியம். வேறு யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நிம்மதி வேண்டும். அறைத்தோழி எடுத்துப் பார்ப்பாளோ என்ற சந்தேகம் இருந்தால், உங்களை அறியாமலேயே பாதி உண்மையைத்தான் எழுதுவீர்கள். பூட்டு உள்ள இழுப்பறையில் வையுங்கள், அல்லது வேலைக்குக் கொண்டு போகும் பையிலேயே இருக்கட்டும்.

நேரமும் இடமும்

புதிய பழக்கத்தைத் தனியாக நிற்க வைப்பது கடினம். ஏற்கெனவே செய்யும் ஒன்றோடு சேர்த்துவிடுங்கள். நம் ஊரில் ஆண்டு முழுவதும் சூரியன் மாலை சுமார் 7 மணிக்கும் 7.30க்கும் இடையில்தான் மறைகிறது. அதனால் விளக்கேற்றிய கையோடு உட்கார்வது பல வீடுகளுக்கு ஒத்துவரும். வேலை முடிந்து தாமதமாக வருபவர்கள் இரவுத் தேநீரோடு சேர்த்துக்கொள்ளலாம். படுக்கையில் மட்டும் வேண்டாம். இரண்டு வரியில் தூக்கம் வரும், இல்லையென்றால் எழுதியதை நினைத்துத் தூக்கம் போகும்.

வாரத்தில் ஒரு நாள் புத்தகத்தை வெளியே எடுத்துப் போங்கள். எனக்குப் பிடித்த இடம் தித்திவங்சா ஏரிக்கரை. காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் அங்கே நடப்பவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள், பெஞ்சில் உட்கார்ந்து எழுதும் ஆளை யாரும் கவனிக்க மாட்டார்கள். 1888இல் உருவாக்கப்பட்ட பெர்டானா தாவரவியல் பூங்காவிலும் நிழல் நிறைய உண்டு. மழை வந்தால் மாமாக் கடை இருக்கவே இருக்கிறது. ஒரு தே தாரிக் சொல்லிவிட்டு மூலை மேசையில் உட்காரலாம்.

முதல் வாரம்: நடந்ததை மட்டும்

உணர்வுகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நாள், வானிலை, பார்த்தது, சாப்பிட்டது, காதில் விழுந்த ஒரு பேச்சு, அவ்வளவுதான். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, யார் வீட்டுக்கு வந்தார், என்ன பேசினார் என்றுதான் பெரும்பாலும் எழுதினார். வெளியே நடந்ததை நுணுக்கமாக எழுதினாலே எழுதுகிறவரின் மனம் அதில் தானாகத் தெரிந்துவிடுகிறது. நமக்கும் அந்த வழி பொருந்தும்.

ஒரு மாதிரி தருகிறேன்:

"செவ்வாய். 5 மணிக்கே மழை. மஸ்ஜித் ஜாமெக்கில் ரயில் மாறும்போது ஒரு பாட்டி குடையை உதறிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். செந்தூல் தீமோரில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. வரும் வழியில் அப்பளம் வாங்கினேன். ரசம் வைத்தேன், உப்பு சரியாக இருந்தது. அம்மாவுக்குப் போன் பண்ணவில்லை."

ஐந்தாறு வரிதான். ஆனால் கடைசி வரியைப் பாருங்கள். உணர்வு என்று ஒரு வார்த்தைகூட எழுதாமல் உணர்வு வந்துவிட்டது. இப்படி ஒரு வாரம் எழுதினால், மறுநாள் பகலிலேயே "இதை இன்றைக்கு எழுதலாம்" என்று கண் தேட ஆரம்பிக்கும். தனியாக நடக்கும் வழி அப்போதிலிருந்தே கொஞ்சம் நிறைவாகத் தெரியும்.

இரண்டாம் வாரம்: உணர்வுக்குப் பெயர் வையுங்கள்

இப்போது கடைசியில் ஒரு வரி சேருங்கள்: இன்று மனம் எப்படி இருந்தது? "மனசு சரியில்லை" என்று எழுதினால் அங்கேயே நிறுத்தாதீர்கள். களைப்பா, ஏமாற்றமா, பொறாமையா, ஏக்கமா, வெட்கமா, வெறும் பசியா? சரியான பெயர் கிடைக்கும்வரை இரண்டு மூன்றை எழுதி அடித்துப் பாருங்கள். கலிபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், கோபமும் பயமும் தெரியும் முகங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்குச் சொல்லால் பெயர் வைத்தபோது, மூளையில் அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலா பகுதியின் செயல்பாடு குறைந்தது. எனக்கு இதில் நடைமுறை லாபம் ஒன்றும் தெரிகிறது. களைப்பு என்றால் தூங்கலாம், ஏக்கம் என்றால் ஒருவரைக் கூப்பிடலாம். "சரியில்லை" என்பதற்கு என்ன மருந்து கொடுப்பது?

மூன்றாம் வாரம்: கேள்வி கேட்பது

இங்கேதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்ற கேள்வியை எழுதினால் மனம் செக்குமாடு போல அதே வட்டத்தில் சுற்றும். சூசன் நோலன்-ஹோக்ஸிமா என்ற உளவியலாளர் இப்படிச் சுற்றிச் சுற்றி யோசிப்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, அது மனச்சோர்வை நீட்டிக்கிறது என்று காட்டினார். ஆகவே கேள்வியை மாற்றுங்கள். என்ன நடந்தது? எந்த நேரத்தில் மனம் மாறியது? அப்போது எனக்கு என்ன தேவைப்பட்டது? நாளைக்குச் செய்யக்கூடிய சின்ன விஷயம் என்ன?

'நான்' என்பதை விட்டுவிட்டு உங்கள் பெயரைப் போட்டு எழுதுவதும் உதவும். உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் "எப்போ கல்யாணம்?" என்று நாலு பேர் கேட்டு, முகம் வாடித் திரும்பியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "கவிதா, அந்தப் பெரியம்மா கேட்டபோது உனக்கு ஏன் சுருக்கென்றது தெரியுமா? உன்னிடமே அதற்குப் பதில் இல்லை. இருக்க வேண்டிய அவசரமும் இல்லை" என்று ஓர் அக்கா எழுதுவதுபோல எழுதுங்கள். இப்படித் தன்னைப் பெயர் சொல்லியோ 'நீ' என்றோ அழைத்துக்கொள்பவர்களுக்குப் பதற்றம் குறைவதை ஈதன் குரோஸும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் காட்டினார்கள். பிறருக்கு ஆறுதல் சொல்லும்போது நமக்கு வரும் நிதானம் அப்போது நம் பக்கமும் திரும்புகிறது.

கனமான விஷயங்கள்

பிரிவு, இழப்பு, பழைய அவமானம் ஆகியவற்றை எழுதத் தோன்றினால் கைப்பேசியில் 15 நிமிடம் அலாரம் வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் நான்கு நாட்கள் தொடர்ந்து 15 நிமிடம் எழுதினார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குக் குறைவாகவே போனார்கள். ஆனால் எழுதி முடித்த அந்த நேரத்தில் அவர்களுக்கு மனம் பாரமாகவே இருந்தது. உங்களுக்கும் அப்படி இருக்கும். அலாரம் அடித்ததும் மூடிவிட்டு, பாத்திரம் கழுவுங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். தாங்காது என்று தோன்றும் விஷயத்தை அன்றைக்குத் தொடவே வேண்டாம்.

தூக்கமும் பசியும் பல நாளாகப் போய்விட்டால், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால், நோட்டுப் புத்தகத்தோடு நிற்காதீர்கள். மனம் தளர்ந்தவர்களுக்குக் காதுகொடுக்கும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 24 மணி நேரமும் 03-7627 2929இல் பேசுகிறது. சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவித் தொலைபேசி எண் 15555. அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார நிலையத்துக்கு) போனால் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளிதான். அங்கிருந்தே மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள்.

நல்லதையும் எழுத ஒரு நாள்

இதற்கு வாரம் ஒருமுறை போதும். ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு ஒருமுறை நன்றியுணர்வோடு ஐந்து விஷயங்கள் வரை எழுதியவர்கள், தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள். தினமும் எழுதினால் "அம்மா, வேலை, ஆரோக்கியம்" என்று ஒரே பட்டியல் வரும். "அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாயில் இன்னும் ஒரு வாரத்துக்கு மிச்சம் இருக்கிறது" என்பது வேறு.

நான்காம் ஞாயிறு: திரும்பப் படியுங்கள்

இரண்டு வண்ணப் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். மனம் இலேசான இடங்களில் பச்சைக் கோடு, இறங்கிய இடங்களில் சிவப்புக் கோடு. எழுத்துப்பிழை பார்க்காதீர்கள், "ஐயோ இப்படியா எழுதினோம்" என்று கூச்சப்படாதீர்கள். கோட்டை மட்டும் போட்டுக்கொண்டே போங்கள். பிறகு, பச்சைக் கோடு விழுந்த நாட்களில் பொதுவாக என்ன இருந்தது என்று பாருங்கள்.

வார இறுதியில் பேரங்காடிக்குப் போவதுதான் எனக்குப் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன். என் பக்கங்களில் அதற்கு ஒரு பச்சைக் கோடும் இல்லை. எனக்காகச் சமைத்த நாட்கள், ஒரு நிலையம் முன்னதாக இறங்கி நடந்த நாட்கள், தோசைக் கடை அண்ணனோடு இரண்டு வார்த்தை பேசிய நாட்கள், எல்லாம் பச்சை. அவற்றில் பெரும்பாலானவை நான் தனியாக இருந்த நாட்கள். சிவப்புக் கோடுகள் கைப்பேசியோடு படுத்த இரவுகளில் குவிந்திருந்தன. தனியாக இருந்ததால்தான் மனம் வாடியது என்று எந்தப் பக்கமும் சொல்லவில்லை.

உங்கள் பக்கங்கள் வேறு மாதிரி சொல்லலாம். ஏக்கம் என்ற சொல் அடிக்கடி வந்தால் உங்களுக்கு மனிதர்கள் தேவைப்படுகிறார்கள் என்று பொருள். அதற்கு நாட்குறிப்பு ஈடாகாது. அந்த வாரமே ஊருக்கு ஒரு பேருந்துச் சீட்டு எடுங்கள், அல்லது கோயிலில் பூக்கட்டும் குழுவில் போய் உட்காருங்கள்.

கண்டுபிடித்ததில் ஒன்றே ஒன்றை அடுத்த வாரத்தில் தேதி போட்டு எழுதி வையுங்கள். "சனிக்கிழமை காலை, கொம்யூட்டர் ரயிலில் பத்துமலை, 272 படியும் ஏறி இறங்கி அங்கேயே பசியாறுவது" என்று தெளிவாக இருக்கட்டும். யாராவது கூட வருவார்களா என்று காத்திருக்க வேண்டாம். அந்தச் சனிக்கிழமையைப் பற்றியும் அன்று மாலை எழுதுங்கள். பச்சை வருகிறதா என்று அடுத்த முறை படிக்கும்போது பார்க்கலாம்.

நடுவில் பத்து நாள் விட்டுப்போனாலும் பரவாயில்லை. விட்ட நாட்களை நினைவுபடுத்தி நிரப்ப உட்கார்ந்தால் அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். இன்றைய தேதியைப் போட்டு, மழையா வெயிலா என்று எழுதித் தொடருங்கள். புத்தகம் தீர்ந்ததும் பச்சைக் கோட்டு விஷயங்களை மட்டும் அடுத்த புத்தகத்தின் முதல் பக்கத்தில் பெயர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பழையதை வைத்திருப்பதா கிழித்துப் போடுவதா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.