விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மாறலாமா? முதலில் பயாஸைத் திறந்து பாருங்கள்

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. "சிஸ்டம் நல்லாத்தானே ஓடுது, இதையும் மாத்தணுமா?" என்று கேட்பவர்களுக்குக் கடைகளில் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: பழைய மாடல், புதுசு வாங்கிடுங்க. எங்கள் வீட்டு அசெம்பிள்ட் கணினிக்கும் அதே பதில் வந்தது. உள்ளே இருப்பது எட்டாம் தலைமுறை ஐ5. எந்தப் பாகத்தையும் மாற்றாமல் அது இப்போது விண்டோஸ் 11இல் ஓடுகிறது. பயாஸில் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அணைந்து கிடந்த டிபிஎம்மும் (சாவிகளைப் பத்திரமாக வைக்கும் பாதுகாப்பு வசதி), டிஸ்க் பிரிக்கப்பட்டிருந்த விதமும்தான் அதுவரை வழியை மறித்துக்கொண்டிருந்தன. புதுக் கணினிக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் எல்லோரும் இதைச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

ஆதரவு முடிந்த பிறகும் விண்டோஸ் 10 ஓடும். கோப்புகள் திறக்கும், பிரிண்ட் எடுக்கலாம். ஆனால் புதிதாகத் தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும். இணைய இணைப்பே இல்லாமல் ஒரு மூலையில் பில் போடும் கணினி என்றால் அவசரம் இல்லை. நெட் பேங்கிங், ஜிஎஸ்டி ரிட்டர்ன், பிள்ளைகளின் விண்ணப்பங்கள் எல்லாம் நடக்கிற கணினி என்றால் முடிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

கீழே வரும் கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

படி 1: ப்ராசஸர்

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து சிஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ப்ராசஸரின் பெயர் தெரியும். இன்டெல் என்றால் ஐ3, ஐ5, ஐ7க்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். நான்கு இலக்கமாக 8 அல்லது 9இல் தொடங்கினால் சரி. 10, 11, 12 என்று தொடங்கினாலும் சரி. 7இலும் அதற்குக் கீழும் தொடங்குபவை, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பட்டியலில் இல்லை. ஐ7-870 மாதிரி மூன்றிலக்க எண்ணைப் பார்த்து எட்டாம் தலைமுறை என்று நினைத்துவிட வேண்டாம். அது 2009இல் வந்த முதல் தலைமுறை.

ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்து ஆரம்பம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் 2200ஜி, 2400ஜி, 2500யு ஆகியவை எண்ணில் 2000 வரிசையாக இருந்தாலும் உள்ளே முதல் தலைமுறை வடிவமைப்பு கொண்டவை. அவற்றுக்கு இடம் இல்லை. பழைய கணினி வாங்கித்தரும் நண்பர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே திரையில் 64 பிட்டா 32 பிட்டா என்பதும் இருக்கும். விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது.

ரேம் 4 ஜிபி, டிஸ்க்கில் 64 ஜிபி இடம் என்பது அதிகாரபூர்வக் குறைந்தபட்சம். 4 ஜிபியில் நிறுவலாம், வேலை பார்க்க முடியாது. 8 ஜிபி வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 11ஐப் போடவே போடாதீர்கள். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் அதை ஒரு சாட்டா எஸ்எஸ்டிக்கு (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) செலவிடுங்கள். வேறு எந்த மாற்றமும் இவ்வளவு வித்தியாசம் காட்டாது.

படி 2: உங்கள் வேலை எதை நம்பி இருக்கிறது?

ப்ராசஸர் தகுதியாக இருந்தாலும் மாறக் கூடாத இடங்கள் உண்டு. கடைகளிலும் சிறு பள்ளிகளிலும் இன்னும் டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ பில்லிங் புரோகிராம்கள் ஓடுகின்றன. அப்படிப்பட்ட 16 பிட் மென்பொருள் 32 பிட் விண்டோஸில் மட்டும்தான் நேராக ஓடும். விண்டோஸ் 11க்குப் போன அன்றே அது நின்றுவிடும். டாஸ் மாதிரியே நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு ஓட வைக்கலாம், ஆனால் பிரிண்டர் பக்கம் தனியாக மல்லுக்கட்ட வேண்டும். இங்கே என் ஆலோசனை: அந்தக் கணினியை நெட்டிலிருந்து பிரித்து அப்படியே விட்டுவிடுங்கள்.

டிடிபி வைத்திருப்பவர்கள் மென்பொருளோடு வந்த டாங்கிளுக்கு (கணினியில் செருகினால்தான் மென்பொருள் ஓடும் சிறு பூட்டு) 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், கைரேகைக் கருவி, பழைய ஸ்கேனர் எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களைப் பற்றிக் கவலை வேண்டாம், எழுத்துரு எழுத்துருவாகவே வேலை செய்யும். யூனிகோடில் தட்டச்சு செய்பவர்களுக்கு விண்டோஸ் 11இல் தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் கூடவே வருகின்றன. தனி மென்பொருள் போடாமல் இவற்றையே பயன்படுத்துவது எனக்குப் பிடித்திருக்கிறது.

படி 3: டிபிஎம்

மைக்ரோசாஃப்ட் தரும் பிசி ஹெல்த் செக் என்ற சிறிய செயலியைப் போட்டு ஓட்டுங்கள். எந்தத் தேவை நிறைவேறவில்லை என்று அது தனித்தனியாகச் சொல்லும். ப்ராசஸர் சரி, டிபிஎம் 2.0 இல்லை என்று வந்தால் கணினியைக் கைவிட வேண்டிய அவசியம் இல்லை. எட்டாம் தலைமுறை இன்டெல்லிலும் ரைசனிலும் டிபிஎம் ஏற்கெனவே ப்ராசஸரோடு வருகிறது. பல மதர்போர்டுகளில் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும்.

கணினியை ஆன் செய்ததும் டெல் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திறக்கும். சில லேப்டாப்களில் எஃப்10 அல்லது எஸ்கேப். உள்ளே போய் டிபிஎம் என்ற பெயரைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். இன்டெல் போர்டில் பிடிடி என்றும் ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் போட்டிருப்பார்கள். செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட், டிரஸ்டட் கம்ப்யூட்டிங் என்ற மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். எனேபிள் செய்து, சேமித்து வெளியே வாருங்கள். பிறகு விண்டோஸ் விசையும் ஆர்-உம் சேர்த்து அழுத்தி, டிபிஎம்.எம்எஸ்சி என்று அடித்தால் பதிப்பு 2.0 என்று காட்ட வேண்டும்.

(பின்னர் சேர்த்தது: லேப்டாப்பில் பயாஸை மாற்றியதும் நீல நிறத் திரை வந்து 48 இலக்க எண்ணைக் கேட்கிறது என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். அது பிட்லாக்கர் மீட்புச் சாவி. பல லேப்டாப்களில் டிஸ்க் என்கிரிப்ஷன் நாம் கேட்காமலே ஆன் ஆகியிருக்கும். பயாஸைத் தொடுவதற்கு முன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அந்தச் சாவி அங்கே இருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் எழுதிவையுங்கள். பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் வசதி கண்ட்ரோல் பேனலில் இருந்தால் அதையும் செய்துவிடுங்கள்.)

படி 4: லெகசியிலிருந்து யூஇஎஃப்ஐக்கு

கணினி தொடங்கும் பழைய முறை லெகசி, புதிய முறை யூஇஎஃப்ஐ. நான் அதிக நேரம் நின்ற இடம் இதுதான். புதியவர்கள் பயந்து கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் இங்கேதான்.

விண்டோஸ் விசையும் ஆர்-உம் அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்று அடியுங்கள். வரும் பட்டியலில் பயாஸ் மோடு என்ற வரியைப் பாருங்கள். யூஇஎஃப்ஐ என்றிருந்தால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். லெகசி என்றிருந்தால் உங்கள் டிஸ்க் அநேகமாக எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸ் 11 எதிர்பார்ப்பது யூஇஎஃப்ஐயும் ஜிபிடி என்ற புதிய முறையும். நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் என்ற வசதி யூஇஎஃப்ஐ முறையில்தான் வேலை செய்யும்.

பயாஸில் சிஎஸ்எம் என்பதை (லெகசி முறையை அனுமதிக்கும் அமைப்பு) அணைத்தால் போதும் என்று பல காணொளிகளில் சொல்கிறார்கள். டிஸ்க்கை மாற்றாமல் அதை மட்டும் அணைத்தால் "பூட் டிவைஸ் இல்லை" என்று கறுப்புத் திரைதான் வரும். டிஸ்க் போய்விட்டது என்று பதற வேண்டாம். பயாஸுக்குத் திரும்பப் போய் சிஎஸ்எம்மை ஆன் செய்தால் எல்லாம் பழையபடி வந்துவிடும். வரிசை முக்கியம்: முதலில் டிஸ்க்கை மாற்ற வேண்டும், அப்புறம்தான் பயாஸ்.

எம்பிஆர், ஜிபிடி என்பவை டிஸ்க்கின் எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதிவைக்கும் பட்டா மாதிரி. பட்டாவைத்தான் மாற்றி எழுதப்போகிறோம், நிலம் அப்படியே இருக்கும். ஆனாலும் முழு பேக்கப் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். நடுவில் மின்சாரம் போனால் நிலமும் போய்விடலாம்.

கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இப்படி அடியுங்கள்:

எம்பிஆர்2ஜிபிடி /வேலிடேட் /அலோஃபுல்ஓஎஸ்

இது எதையும் மாற்றாது, மாற்ற முடியுமா என்று மட்டும் பார்க்கும். சரி என்று வந்தால் வேலிடேட் என்பதற்குப் பதிலாக கன்வெர்ட் என்று போட்டு மறுபடி ஓட்டுங்கள். சீக்கிரமே முடிந்துவிடும். கணினியை மீண்டும் தொடங்கி, நேராக பயாஸுக்குப் போய் சிஎஸ்எம்மை அணைத்து, செக்யூர் பூட்டை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் திறந்ததும் எம்எஸ்இன்ஃபோ32இல் யூஇஎஃப்ஐ என்று வந்திருக்கும்.

வேலிடேட் தோல்வி என்று வந்தால் காரணம் பெரும்பாலும் பார்ட்டிஷன்கள். நம் ஊரில் அசெம்பிள் செய்பவர்கள் ஒரே டிஸ்க்கை சி, டி, ஈ, எஃப் என்று வெட்டிக் கொடுப்பது வழக்கம். இந்தக் கருவியோ அதிகபட்சம் மூன்று பிரைமரி பார்ட்டிஷன்களைத்தான் ஏற்கும். எக்ஸ்டெண்டட், லாஜிக்கல் பார்ட்டிஷன் ஒன்று இருந்தாலும் மறுத்துவிடும். எங்கள் கணினியில் டி, ஈ இரண்டும் லாஜிக்கலாக இருந்தன. அவற்றில் இருந்ததையெல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்து, ஒவ்வொரு ஃபோல்டரையும் அங்கே திறந்து சரிபார்த்துவிட்டு, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்தப் பார்ட்டிஷன்களை அழித்தோம். எக்ஸ்டெண்டட் என்ற வெளிக்கூட்டையும் அழிக்க வேண்டும், அது மிச்சம் இருந்தால் மறுபடியும் தோல்விதான். அதன் பிறகு வேலிடேட் ஒரே முறையில் தேறியது. ஜிபிடிக்கு மாறிய பின் வேண்டுமானால் டி டிரைவை மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம்.

பகுதிகளை இடம்மாற்றித் தரும் இலவச மென்பொருள்கள் நிறைய உண்டு. நான் அவற்றை நாடவில்லை. விண்டோஸோடு வருகிற கருவி இருக்கும்போது, டிஸ்க்கின் அடித்தளத்தை முன்பின் தெரியாத நிறுவனத்தின் இலவசப் பதிப்பிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

(பின்னர் சேர்த்தது: சிஎஸ்எம்மை அணைத்த பிறகு திரையே வரவில்லை என்றால் பழைய கிராஃபிக்ஸ் கார்டாக இருக்கலாம். யூஇஎஃப்ஐ முறையில் படம் காட்டும் வசதி இல்லாத கார்டுகள் உண்டு. கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டில் உள்ள எச்டிஎம்ஐ அல்லது விஜிஏ துளையில் மானிட்டரைச் செருகிப் பாருங்கள். ப்ராசஸரிலேயே கிராஃபிக்ஸ் இல்லாத கணினி என்றால் சீமாஸை (பயாஸ் அமைப்புகள் பதிந்திருக்கும் நினைவகம்) ரீசெட் செய்து பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.)

படி 5: மாறுவது

செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 11க்கான அழைப்பு வந்திருந்தால் அதையே அழுத்தலாம். எனக்குப் பிடித்தது விண்டோஸ் 11 முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கி, இரட்டை கிளிக் செய்து, உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டுவது. ஒரே கோப்பை வைத்து அடுத்த கணினியையும் மாற்றலாம், டேட்டா மிச்சம். கோப்புகளும் செயலிகளும் அப்படியே இருக்கட்டும் என்ற தேர்வு டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

பிடிக்கவில்லை என்றால் 10 நாட்களுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி வழியாகப் பழையதற்குத் திரும்பலாம். 10 நாள் போதாது. மாறிய அன்றே கமாண்ட் பிராம்ப்ட்டில் டிஸ்ம் /ஆன்லைன் /செட்-ஓஎஸ்அன்இன்ஸ்டால்விண்டோ /வேல்யூ:60 என்று அடித்தால் 60 நாள் அவகாசம் கிடைக்கும். மாதத்துக்கு ஒரு முறை மட்டும் தேவைப்படும் மென்பொருளை அதற்குள் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்துவிட முடியும். அதுவரை டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸை அழித்துவிடாதீர்கள்.

படி 6: ப்ராசஸரே தகுதியில்லை என்றால்

ரூஃபஸ் மாதிரியான கருவியால் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11ஐ ஏற்ற முடியும். கூடுதலாக இருக்கும் கணினியில் பழகிப் பார்க்க அது பரவாயில்லை. வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியில் வேண்டாம். அப்படி ஏற்றியவற்றுக்கு அப்டேட் உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. வருடாந்திரப் பெரிய அப்டேட்டை ஒவ்வொரு முறையும் நாமே கையால் ஏற்ற வேண்டியிருக்கும். பாதுகாப்புக்காக மாறப்போய் பாதுகாப்பையே சந்தேகத்தில் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இணையம், யூடியூப், கடிதம் தட்டச்சு இவ்வளவுதான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் பயன்படும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்டைப் பென் டிரைவில் போட்டு, நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். பிரிண்டர் வேலை செய்கிறதா, தமிழ் வருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

விண்டோஸ் 10ஐ விட முடியாதவர்களுக்கு ஈஎஸ்யு என்ற நீட்டிப்புத் திட்டம் இருக்கிறது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்கள் கிடைக்கும். 30 டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000 கொடுக்கலாம், அல்லது விண்டோஸ் பேக்கப்பில் செட்டிங்ஸை ஒத்திசைத்தால் காசே இல்லாமல் சேரலாம். நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழி. ஒரு கணக்கில் 10 கணினிகள் வரை சேர்க்கலாம்.

(பின்னர் சேர்த்தது: அப்டேட் பக்கத்தில் சேரும் பட்டனே தெரியவில்லை என்பவர்கள் ரன் பெட்டியில் வின்வெர் என்று அடித்துப் பதிப்பைப் பாருங்கள். 22எச்2 என்று இருக்க வேண்டும். அதற்கு முந்தையது என்றால் நிலுவையில் உள்ள எல்லா அப்டேட்களையும் முதலில் போடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை உள்ள மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, கணினியை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.)