வேலைக்குப் போகிறவர் வீட்டில் பச்சோந்தி: விளக்கு, தண்ணீர், தீனி

தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ இருந்துகொண்டு விடிவதற்குள் கிளம்பி டர்பன் நகரத்துக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள் பச்சோந்தி வளர்க்கலாமா என்றால், தாராளமாக வளர்க்கலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஓய்வு கிடைப்பது இரவில், அதற்கு வேலை நடப்பது பகலில். வீட்டுக்கு வந்து காலைக் கழுவிவிட்டு எட்டு மணிக்குப் பூச்சி போடுகிறீர்களே, அந்தப் பழக்கம்தான் கூடாது. உடம்பில் சூடு ஏறினால்தான் அதற்குச் செரிக்கும், விளக்கு அணையப்போகிற நேரத்தில் வயிறு நிறைந்தால் இரவு முழுக்க அப்படியே கிடக்கும். அதனால் விளக்கையும் தண்ணீரையும் டைமரிடம் கொடுத்துவிட்டு, தீனியை மட்டும் காலையில் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நான் சொல்வதெல்லாம் தலையில் உயரமான கொண்டை உள்ள யெமன் பச்சோந்திக்கு. நம் தோட்டங்களில் செடிக்குள் இருக்கும் குட்டைப் பச்சோந்திகள் இந்த மண்ணுக்கே உரியவை, அவற்றைப் பிடித்து உள்ளே கொண்டுவராதீர்கள். கடையில் வாங்குவதாக இருந்தாலும் எந்த இனத்துக்கு என்ன அனுமதி வேண்டும் என்று நம் மாகாண வனவிலங்குத் துறையான எசெம்வெலோவின் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

விளக்கு இரண்டு வேண்டும், இரண்டுக்கும் தனித்தனி டைமர். ஒன்று எலும்புக்கு வேண்டிய யூ.வி.பி என்ற புற ஊதாக் கதிர் தரும் நீளமான டி5 (மெல்லிய வகை) குழல் விளக்கு, தினமும் 12 மணி நேரம். சுருள் பல்பு மலிவாகக் கிடைக்கும், அதற்காக வாங்காதீர்கள், அதன் வீச்சு ஒரு மூலையோடு முடிந்துவிடும். மேல் கிளையில் உட்காரும்போது முதுகுக்கும் குழலுக்கும் நடுவே 20 முதல் 25 செ.மீ. இருக்கட்டும். ஓர் ஆண்டு ஆனதும் மாற்றிவிடுங்கள், பார்வைக்கு வெளிச்சம் அப்படியே இருந்தாலும் யூ.வி.பி குறைந்துபோயிருக்கும், எலும்பு வளைந்த பிறகுதான் நமக்குத் தெரியவரும். இன்னொன்று சூட்டுக்கான பல்பு. ஆணுக்கு அதன் கீழே 29 முதல் 31 டிகிரி, பெண்ணுக்கு 27 அல்லது 28 போதும். டர்பன் பிப்ரவரியில் அறையே 30 டிகிரியைத் தொடும் நாட்களில் சூட்டு பல்பை அணைத்துவிட்டுக் குழலை மட்டும் விடுங்கள்.

விளக்கு எத்தனை மணிக்கு எரிய வேண்டும் என்பது உங்கள் வசதி. 5:30க்குக் கிளம்புகிறவர் 5 மணிக்கு வைக்கலாம், இரவு ஷிப்ட் முடித்துக் காலை எட்டுக்கு வருகிறவர் எட்டிலிருந்து எட்டு வரை வைக்கலாம், தினமும் அதே நேரமாக இருந்தால் சரி. டிசம்பரில் ஐந்துக்கு முன்பே விடிந்துவிடும் என்பதால் தாமதமாக வைக்கிறவர்கள் கூண்டு இருக்கும் அறைக்குக் கெட்டியான திரை போடுங்கள். அது தூங்கும் நேரத்தில் டிவி வெளிச்சமும் வேண்டாம், சிவப்பு பல்பும் வேண்டாம், முழு இருட்டுதான்.

அப்புறம் லோட் ஷெடிங். இப்போது குறைந்திருந்தாலும் மின்சாரம் போகாத வீடு ஏது. வட்டத் தட்டு சுற்றுகிற டைமர் மின்சாரம் போனதும் நின்றுவிடும், இரண்டரை மணி நேரம் போனால் இரண்டரை மணி நேரம் பின்தங்கி, ஏழுக்கு அணைய வேண்டியது ஒன்பதரைக்கு அணையும், நீங்கள் கவனிக்கும்வரை தினமும் அப்படித்தான். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் இந்த ஊரில் அதைத்தான் வாங்க வேண்டும். சின்ன இன்வெர்ட்டர் இருந்தால் குழலை அதில் மாட்டுங்கள், சூட்டு பல்பு பேட்டரியைக் குடித்துவிடும். காலையில் மின்வெட்டு என்று முன்கூட்டியே தெரிந்தால் அன்று தீனியைப் பாதியாக்குங்கள்.

தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் அது பெரும்பாலும் கண்டுகொள்ளாது, இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். டைமரோடு கூடிய தெளிப்பான் விளக்கு எரியும் முன்பு சில நிமிடம், அணைந்த பிறகு சில நிமிடம் ஓடட்டும். நம் கடற்கரைக் காற்றே ஈரம், அதனால் பகலில் கூண்டு நன்றாகக் காய வேண்டும், இல்லாவிட்டால் சளி பிடித்து நுரையீரல் வரை போகும். எச்சத்தில் வெள்ளைப் பகுதி வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள், ஆரஞ்சு நிறமானால் தண்ணீர் போதவில்லை.

தீனிக்கு, பூச்சிகள் ஏறிக்கொள்ள உள்ளே வலை ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் டப்பாவை அது வழக்கமாக உட்காரும் கிளை பக்கத்தில் தொங்கவிடுங்கள். கிளம்பும்போது பூச்சியைப் போட்டால் உடம்பு சூடேறியதும் அதுவே வந்து எடுத்துக்கொள்ளும், நீங்கள் நின்று பார்க்கத் தேவையில்லை. மாலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், ஓடித் திரியும் சுவர்க்கோழி இரவில் தூங்குகிற பச்சோந்தியையே கடிக்கும். வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று நான்கு பூச்சி, குட்டிக்குத் தினமும். பூச்சி அதன் இரண்டு கண்களின் இடைவெளியைவிடப் பெரிதாக வேண்டாம். பெண்ணுக்குப் பாசத்தில் அள்ளிப் போடாதீர்கள், ஆண் துணை இல்லாமலே முட்டை கட்டும், தீனி கூடினால் முட்டையும் கூடி உயிருக்கே ஆபத்தாகும். அது முட்டையிடத் தோண்டுவதற்கு ஈர மணல் நிரப்பிய ஆழமான தொட்டி கூண்டில் எப்போதும் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் வாரம் ஓடிவிடும். பூச்சிப் பெட்டிக்குக் கொல்லையில் உள்ள முருங்கைக்கீரை, கேரட், பூசணி போடுங்கள், ஒரு நாளாவது அதைத் தின்ற பூச்சிதான் சத்துள்ளது. பூச்சியைப் போடும்போது அதன்மேல் வைட்டமின் டி3 இல்லாத கால்சியம் தூள் லேசாக, டி3யும் மற்ற வைட்டமின்களும் கலந்தது மாதம் இரண்டு தடவை. வசந்தகாலத்தில் பிள்ளைகள் மல்பெரி இலை போட்டு வளர்க்கிற பட்டுப்புழு கிடைத்தால் விடாதீர்கள், அருமையான தீனி. வெயில் இதமாக இருந்தால் வலைக் கூண்டோடு வெளியே வையுங்கள், பாதி நிழல் இருக்க வேண்டும், கண்ணாடித் தொட்டியில் வைத்தால் வெந்துவிடும். குரங்குகள் வருகிற தெருவென்றால் பக்கத்திலேயே உட்காருங்கள்.

கூண்டை விளக்கேற்றும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், சாம்பிராணி, கற்பூரப் புகை அதன் மூச்சுக்கு ஆகாது, புரட்டாசியில் தினமும் புகை போடும் வீடுகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

கல்யாணம் என்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய் இரண்டு நாள் தங்க நேர்ந்தால் நல்ல உடம்புள்ள வளர்ந்த பச்சோந்தி தீனி இல்லாமல் தாங்கும், தண்ணீர் இல்லாமல் விடக்கூடாது. தெளிப்பான் தொட்டியை நிரப்பி, முதல் நாளே ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்து, பக்கத்து வீட்டு ஆயாவிடம் சாவியைக் கொடுத்து, இலை நனைந்திருக்கிறதா என்று மட்டும் காலையில் பார்க்கச் சொல்லுங்கள்.