ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியைப் பற்றிப் பெற்றோரும் மாணவரும் சொல்வதைக் கேட்டு எடைபோடுவது எப்படி?

பிள்ளையை ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கலாமா என்ற கேள்வி எழுந்ததும், அங்கே படிக்கிறவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் விசாரிக்கத் தொடங்குகிறோம். "நல்ல பள்ளி", "பரவாயில்லை", "அங்கே மட்டும் சேர்க்காதீர்கள்" என்பவைதான் பெரும்பாலும் கிடைக்கும் விடைகள். மூன்றுமே தீர்ப்புகள், சொன்னவர் தம் கண்ணால் எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்பது அவற்றில் இல்லை. ஒரு பெற்றோருக்கு நிம்மதி தரும் கண்டிப்பு இன்னொரு பெற்றோருக்குக் கொடுமையாகத் தோன்றலாம். ஆகையால் பள்ளி எப்படி என்று கேட்பதை விட்டு, பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்கப் பழகிக்கொள்ள வேண்டும். நிகழ்ச்சிகள் கையில் இருந்தால் அவற்றிலிருந்து நம் முடிவை நாமே எடுக்கலாம்.

விசாரிக்கப் புறப்படும் முன் யாருக்கு எது தெரியும் என்று பிரித்துக்கொள்வது நல்லது. பெற்றோர் பார்ப்பது பள்ளியின் முன்வாசலை: அலுவலகம் பதில் சொல்லும் விதம், பெற்றோர் கூட்டம் நடக்கும் முறை, வீட்டுக்கு வரும் மதிப்பெண் அட்டை, மாலையில் பிள்ளை திரும்பி வரும்போது அதன் முகம். வகுப்பறைக்குள் அவர்கள் உட்கார்ந்ததில்லை. மாணவர்களோ ஆண்டு முழுவதும் ஒவ்வொரு பாடவேளையிலும் உள்ளே இருக்கிறார்கள். இடைவேளையில் மாடிப்படியில் நடப்பதும், கழிப்பறையின் நிலையும், எந்த ஆசிரியர் பாடத்தைத் தொடங்க எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் வேறு பள்ளியில் படித்திராத மாணவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க இடமில்லை. மோசமான ஒன்றையும் இயல்பென்று எடுத்துக்கொண்டிருக்கலாம். வகுப்பறைக் கேள்விகளைப் பெற்றோரிடமும், நிர்வாகக் கேள்விகளைப் பிள்ளைகளிடமும் கேட்டுக்கொண்டிருந்தால் இரு தரப்பும் யூகித்துத்தான் பதில் சொல்ல முடியும்.

மாணவர்களின் பேச்சைப் "பிள்ளைகள் அப்படித்தான் சொல்லும்" என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது தவறு என்பதற்கு உறுதியான சான்று இருக்கிறது. அமெரிக்காவில் கேட்ஸ் அறக்கட்டளை 2009-இல் தொடங்கிய ஓர் ஆய்வில் ஏறத்தாழ 3,000 ஆசிரியர்களின் வகுப்புகள் சேர்க்கப்பட்டன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்டு ஃபெர்குசன் உருவாக்கிய வினாத்தாள் மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. ஓர் ஆசிரியரைப் பற்றி அவருடைய ஒரு வகுப்பு மாணவர்கள் சொன்னதும் மற்றொரு வகுப்பு மாணவர்கள் சொன்னதும் பெரும்பாலும் ஒத்திருந்தன. மாணவர்கள் உயர்வாகச் சொன்ன ஆசிரியர்களிடம் கற்றலின் வளர்ச்சியும் பொதுவாகக் கூடுதலாக இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அங்கே கேட்கப்பட்ட கேள்விகளின் தன்மை. ஆசிரியரைப் பிடிக்குமா என்று அவை கேட்கவில்லை. வகுப்பில் நேரம் வீணாகிறதா, செய்த பிழையைத் திருத்திக்கொள்ளக் கற்றுத்தருகிறார்களா, அநேகமாக ஒவ்வொரு நாளும் நிறையக் கற்கிறீர்களா என்று கேட்டன.

நாமும் அப்படியே கேட்கலாம். 15 வயது மாணவர்களிடம் 2000 முதல் நடத்தப்பட்டு வரும் பீசா என்னும் பன்னாட்டுத் தேர்வோடு சேர்த்து ஒரு வினாத்தாளும் கொடுக்கப்படுகிறது. வகுப்பு அமைதியாவதற்காக ஆசிரியர் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறதா என்பது அதில் இடம்பெற்ற கேள்விகளுள் ஒன்று. எளிமையான கேள்வி, ஆனால் அதற்கு வரும் விடையிலிருந்து பள்ளியின் ஒழுங்கைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம். இவற்றோடு நான் எப்போதும் கேட்பவை சில உண்டு. கடைசியாகத் திருத்தித் தரப்பட்ட விடைத்தாளில் மதிப்பெண்ணைத் தவிர வேறு ஏதாவது எழுதியிருந்ததா? பாடம் புரியவில்லை என்று எழுந்து சொன்ன மாணவருக்கு என்ன பதில் கிடைத்தது? ஆசிரியர் விடுப்பில் இருந்தால் அந்தப் பாடவேளையில் என்ன செய்வீர்கள்? ஆய்வகத்தில் சோதனையை நீங்களே செய்தீர்களா, ஆசிரியர் செய்ததைப் பார்த்தீர்களா? உனக்கு ஒரு தொல்லை வந்தால் பள்ளியில் எந்தப் பெரியவரிடம் போய்ச் சொல்வாய்? கடைசிக் கேள்விக்கு ஒரு பெயர் உடனே வந்தால் அந்தப் பள்ளியின் மீது எனக்கு மதிப்பு கூடிவிடும். மாணவர் தயங்கி, யாருமில்லை என்று சொன்னால், மற்ற விடைகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தத் தயக்கத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பேசும் சூழலும் முக்கியம். ஆசிரியரின் முன்னால் மட்டுமல்ல, தாய் தந்தையின் முன்னாலும் மாணவர் முழுதாகப் பேச மாட்டார். நண்பர்கள் கூட்டமாக இருக்கும்போது துணிந்து பேசுபவரின் கருத்தே எல்லோருடைய கருத்தாகிவிடும். எனவே பெற்றோரின் அனுமதியோடு, வேண்டுமானால் அவர்கள் கண்பார்வையில் சற்றுத் தள்ளி இருக்க, தனித்தனியாகப் பேச வேண்டும். முதல் மதிப்பெண் வாங்கும் மாணவரை மட்டும் விசாரிப்பது பயன் தராது, ஏனென்றால் அவரைப் பெரும்பாலான பள்ளிகள் நன்றாகவே கவனித்துக்கொள்ளும். நடுவரிசையில் இருக்கும் மாணவரும், படிப்பில் திணறும் மாணவரும் சொல்வதில்தான் பள்ளியின் உண்மையான தரம் தெரியும். கடந்த ஓரிரு ஆண்டுகளுக்குள் படிப்பை முடித்து வெளியேறியவர்கள் இன்னும் நல்ல சாட்சிகள்: அவர்களுக்கு இனி அங்கே அச்சமில்லை, மேற்படிப்புக்குப் போன இடத்தில் எது போதவில்லை என்பதையும் அவர்கள் அனுபவித்து அறிந்திருப்பார்கள்.

பெற்றோரிடம் நூறு கேள்விகள் தேவையில்லை. நீங்கள் கடைசியாக ஒரு குறையைப் பள்ளிக்குக் கொண்டுபோனபோது என்ன நடந்தது என்ற ஒரே கேள்வி பெரும்பகுதியை வெளிக்கொணர்ந்துவிடும். யாரிடம் போனார்கள், எத்தனை நாளில் பதில் வந்தது, பதிலில் பிள்ளையின் மீது பழி வந்ததா, சொன்னபடி செய்தார்களா, அதன் பிறகு அந்தப் பிள்ளையை ஆசிரியர்கள் நடத்திய விதம் மாறியதா என்று படிப்படியாகக் கேட்டு வாங்க வேண்டும். என் மகளுக்குப் பள்ளி தேடிய காலத்தில் இதை நான் கேட்கவில்லை. விசாரித்த அத்தனை பேரும் தேர்ச்சி விகிதத்தையும் கட்டடத்தையும் புகழ்ந்தார்கள். நானும் மகிழ்ந்து சேர்த்துவிட்டேன். அவள் வகுப்பில் ஒரு மாணவி தொடர்ந்து கேலிக்கு உள்ளானபோது, மூன்று வாரங்களாக அலுவலகத்தில் யாரும் அந்தத் தாயின் கடிதத்துக்குப் பதில் சொல்லவில்லை என்பதை அருகிலிருந்து பார்த்தேன். நான் புகழுரைகளைச் சேகரித்திருந்தேனே தவிர, பள்ளி ஒரு சிக்கலை எப்படிக் கையாளும் என்று ஒருவரையும் கேட்டிருக்கவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் இந்தக் கேள்வியையே முதலில் சொல்கிறேன். கற்றலில் சிரமமுள்ள அல்லது மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையின் பெற்றோர் ஒருவரையாவது தேடிப் பேசுங்கள். பள்ளியோடு அதிகமாகப் பேச வேண்டிய நிலையில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

யார் பேசுகிறார்கள் என்பதைப் போலவே யார் பேசவில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1936-இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் 1 கோடிப் பேருக்குக் கருத்துக்கணிப்பு அட்டைகளை அனுப்பியது. சுமார் 24 லட்சம் அட்டைகள் திரும்பி வந்தன. அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்துப் போட்டியிட்ட லேண்டன் வெல்வார் என்று அந்த இதழ் கணித்தது. ஆனால் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐக் கைப்பற்றினார். அட்டை அனுப்பத் தேர்ந்தெடுத்த பட்டியலும், அக்கறையோடு திருப்பி அனுப்பியவர்களும், நாட்டு மக்களின் சரியான மாதிரியாக இருக்கவில்லை. பள்ளி விஷயத்திலும் தாமாக முன்வந்து பேசுகிறவர்களில் பலர் மிகுந்த மனநிறைவோ மிகுந்த கோபமோ கொண்டவர்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வேலையின் காரணமாக வர இயலாதவர்கள், பேசக் கூச்சப்படுபவர்கள், பள்ளியின் மொழி தமக்குச் சரளமாக வராதவர்கள் ஆகியோரை நாமே போய்ப் பார்த்தால்தான் அவர்கள் அனுபவம் கிடைக்கும்.

கேள்விப்பட்டதையும் அனுபவித்ததையும் ஒரே தட்டில் வைக்கலாகாது. ஃபை டெல்டா காப்பா என்ற கல்வியாளர் சங்கம் 1969 முதல் அமெரிக்காவில் நடத்திய கருத்துக்கணிப்புகளில் பெற்றோர் தம் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு உயர்ந்த மதிப்பும், நாட்டின் அரசுப் பள்ளிகள் அனைத்துக்கும் சேர்த்துத் தாழ்ந்த மதிப்பும் கொடுப்பது திரும்பத் திரும்பத் தெரியவந்தது. நேரில் அறிந்த பள்ளியை நல்லதென்றும், அறியாத பள்ளிகளை மோசமென்றும் எண்ணுவது அவ்வளவு இயல்பானது. தம் பிள்ளையை அங்கே சேர்க்காதவர் அந்த அரசுப் பள்ளியைப் பற்றிச் சொல்லும் கடுஞ்சொல்லை நான் குறித்துக்கொள்வதே இல்லை.

மதிப்பெண்களைப் பற்றிய பேச்சில் இன்னும் நிதானம் தேவை. அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் 1966-இல் வெளிவந்த அறிக்கை, ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களின் விவரங்களை ஆராய்ந்து, மாணவரின் அடைவில் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியின் பங்கு பெரியது என்று காட்டியது. எனவே தேர்ச்சி விகிதம் உயர்ந்திருப்பதற்குப் பள்ளியின் உழைப்பு காரணமாக இருக்கலாம், வசதியான வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருவது காரணமாக இருக்கலாம், மாலை நேர டியூஷனும் காரணமாக இருக்கலாம். பின்தங்கிச் சேர்ந்த ஒரு பிள்ளை இரண்டு ஆண்டுகளில் எங்கே வந்து நிற்கிறது, வெளியே டியூஷனுக்குப் போகாதவர் அங்கே தாக்குப்பிடிக்க முடிகிறதா என்று கேட்டால்தான் இந்த முடிச்சு சற்று அவிழும்.

பெற்றோரும் மாணவரும் முரண்படும் இடங்களில் அவசரப்பட்டு ஒரு பக்கம் சாய வேண்டாம். "ஒழுக்கம் பிரமாதம்" என்று தந்தை சொல்ல, "எல்லோரும் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறோம்" என்று மகன் சொன்னால், இருவரும் ஒரே வகுப்பைத்தான் சொல்கிறார்கள். என்ன நடக்கிறது என்பதில் மகனையும், அதன் விளைவாக வீட்டில் தெரியும் மாற்றத்தில் தந்தையையும் நம்பலாம். கேலி, அடிதடி, தகாத தொடுகை போன்றவற்றில் மட்டும் எண்ணிக்கையைப் பார்க்கக் கூடாது. ஒரே ஒரு மாணவர் சொன்னாலும் அதைத் தனியே விசாரித்துத் தெளிந்தே தீர வேண்டும், அதற்கென்று உள்ள அதிகாரியிடமும் கொண்டுசெல்ல வேண்டும். மற்றவற்றில், ஒருவரையொருவர் அறியாத மூவர் ஒரே செய்தியைச் சொன்னால் நம்பலாம் என்பது நான் வைத்திருக்கும் அளவு.

கேட்டதை அன்றே நோட்டில் எழுதுங்கள்: சொன்னவர் எந்த வகுப்பு, எந்த ஆண்டில் நடந்தது, நேரில் பார்த்ததா கேள்விப்பட்டதா. தலைமை ஆசிரியர் மாறினால் பள்ளியின் போக்கே மாறக்கூடும் என்பதால் அவர் வந்த ஆண்டைக் கேட்டு, அதற்கு முந்தைய செய்திகளை வேறு பக்கத்தில் வையுங்கள். பிறகு, பலமுறை வந்த குறை ஒன்றை எடுத்துக்கொண்டு, சொன்னவர் யாரென்று காட்டாமல், தலைமை ஆசிரியரை நேரில் பார்த்து அடக்கமாகக் கேளுங்கள். "ஆம், அது எங்களிடம் உள்ள குறைதான், இந்த ஆண்டு இன்னதைச் செய்துகொண்டிருக்கிறோம்" என்று அவர் சொன்னால், அந்தச் செயலைப் பற்றி உங்களிடம் பேசிய மாணவர்களிடமே திரும்பிப் போய்க் கேட்டுப் பாருங்கள்.