பழைய பிரம்பு நாற்காலிக்குப் புது இருக்கை பின்னுவது எப்படி?

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கத்துப் பழைய வீடுகளில் கைப்பிடி வைத்த பிரம்பு நாற்காலி ஒன்றாவது இருக்கும். எஸ்டேட் துரை பங்களாவிலிருந்து கைமாறி வந்திருக்கலாம், தாத்தா ஏலத்தில் எடுத்திருக்கலாம். மரம் இன்றும் கல்லு மாதிரி நிற்கும், இருக்கை மட்டும் கிழிந்து தொங்கும். பிளைவுட் அடித்து, ஸ்பாஞ்ச் வைத்து, ரெக்சின் போட்டு மூடிவிடுவதுதான் வழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இருக்கை தேயும், மரம் நிற்கும் என்று கணக்குப் போட்டே இவற்றைச் செய்தார்கள். சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளை இருப்பதே, பிரம்பு போனால் மறுபடி பின்னிக்கொள்ளத்தான்.

பிரம்பு ஆசியக் காடுகளில் ஏறிப் படரும் பனை இனக் கொடி. 17-ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிகளின் கப்பல்களில் ஐரோப்பாவுக்குப் போய், அங்கே நாற்காலிகளில் ஏறியது. பிறகு அந்த ஐரோப்பிய வடிவங்களை நம் ஊர்த் தச்சர்கள் தேக்கிலும் ஈட்டி (ரோஸ்வுட்) மரத்திலும் செய்தார்கள். பிரம்புப் பின்னலில் காற்று புகும், மெத்தை போல எளிதில் பூஞ்சணம் பிடிக்காது. எஸ்டேட்டுச் சாய்வு நாற்காலியைப் பாருங்கள்: கைப்பிடிக்கு அடியிலிருந்து ஒரு பலகை சுழன்று முன்னால் நீளும். நாளெல்லாம் மலைச்சரிவில் நடந்தவர் காலைத் தூக்கி வைக்க அது. உட்காருபவரின் உடம்பை இவ்வளவு யோசித்த தச்சுவேலையை ரெக்சினுக்குள் புதைக்க எனக்கு மனசு வராது. ஈட்டி மரத்தைப் பாதுகாக்கத் தமிழகத்தில் 1990-களில் தனிச் சட்டமே வந்தது. அந்த மரத்தில் செய்த பழைய நாற்காலி உங்களிடம் இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் தடவையே சாய்வு நாற்காலியைத் தொட வேண்டாம். அதன் முதுகு நீளம், வளைவும் உண்டு. நாலு பக்கச் சட்டமும் சமமாக இருக்கும் சின்ன இருக்கையாக எடுங்கள்.

அடுத்து, சட்டத்தைக் கவனியுங்கள். தனித்தனித் துளைகள் இருந்தால் அது கைப்பின்னல், இந்த விளக்கம் அதற்குத்தான். சுற்றிலும் ஒரே நீளக் காடி (பள்ளம்) ஓடினால், இயந்திரத்தில் நெய்த பிரம்புத் தாளை அழுத்திப் பதிக்கும் வகை. அதற்கு முறையே வேறு.

பழைய பிரம்பை வெட்டி எடுக்கும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். துளைகளில் அடைத்திருப்பதை மெல்லிய ஆணியால் கீழிருந்து தட்டி வெளியேற்றுங்கள். மூட்டு ஆடினால் இப்போதே பசை போட்டு இறுக்க வேண்டும், ஏனென்றால் பின்னல் காயும்போது சட்டத்தை நன்றாக இழுக்கும். மரத்தை உப்புத்தாள் போட்டுச் சுரண்டாதீர்கள். மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட துணியால் தேயுங்கள், பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ். அதை வைத்துக்கொண்டே மெருகேற்றலாம்.

பிரம்பின் அகலத்தைத் துளைகளின் இடைவெளியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடுவுக்கு நடு அரை அங்குலம் என்றால் சுமார் 2.25 மில்லிமீட்டர், முக்கால் அங்குலம் என்றால் 3 மில்லிமீட்டர். வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் ஊறினால் போதும், ராத்திரி முழுக்கப் போட்டால் நிறம் மங்கும். பளபளப்பான பக்கம் எப்போதும் மேலே இருக்கட்டும்.

முதல் சுற்றைப் பின்சட்டத்தின் நடுத்துளையில் தொடங்குங்கள். நாலு அங்குலம் கீழே விட்டு, மூங்கில் குச்சியால் துளையை அடைத்துப் பிடிக்கச் செய்யுங்கள். பிரம்பை முன்சட்டத்தின் நடுத்துளையில் இறக்கி, அடிவழியாகப் பக்கத்துத் துளைக்குப் போய் மேலே ஏற்றி, மறுபடி பின்னுக்குக் கொண்டு போங்கள். ரொம்ப இறுக்க வேண்டாம், காய்ந்தால் தானே இறுகும். முன்பக்கம் அகலமாக இருந்தால் ஓரத்து இழைகளைப் பக்கச் சட்டத்துத் துளைகளில் இறக்குங்கள். இழைகள் இணையாக ஓடுவதுதான் முக்கியம், அதற்காகச் சில துளைகளைத் தாண்டினாலும் பரவாயில்லை.

இரண்டாம் சுற்று இடமிருந்து வலம், முதல் சுற்றின் மேலேயே கிடக்கட்டும். மூன்றாவது மறுபடி முன்பின், முதல் சுற்றின் அதே துளைகள் வழியாக, அந்த இழைக்கு வலப்பக்கமாக. இதுவரை பின்னல் எதுவும் கிடையாது, மூன்று அடுக்குதான்.

நாலாம் சுற்றில்தான் பின்னலே தொடங்குகிறது. குறுக்காகப் போகும் இழை மூன்றாம் சுற்று இழைக்கு மேலும், முதல் சுற்று இழைக்கு அடியிலும் நுழைய வேண்டும். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் ஈர விரலால் ஜோடிகளை நெருக்கிச் சதுரமாக்குங்கள். இதில் அவசரப்பட்டால் அடுத்த இரண்டு சுற்றும் கோணலாகும்.

ஐந்தாவது மூலைவிட்டம். முன்பின் ஜோடிக்கு மேல், குறுக்கு ஜோடிக்கு அடியில் என்று போங்கள். இழை வழுக்கிக்கொண்டு வந்தால் சரி. சதுரத்தின் மூலையில் மாட்டி உரசினால் மேல் கீழை மாற்றிக்கொள்ளுங்கள். ஆறாவது எதிர் மூலைவிட்டம், ஐந்தாவதற்கு நேர் தலைகீழ் முறை. மூலைத் துளைகளில் இரண்டிரண்டு இழை போகும். முடிந்ததும் எண்கோணக் கண்கள் வரிசையாகத் தெரியும்.

கீழே தொங்கும் முனைகளை நனைத்து, பக்கத்து வளையத்தில் இரண்டு முறை சுற்றி இறுக்கி வெட்டுங்கள். கடைசியாக, துளைகளை மறைக்க அகலப் பிரம்பு ஒன்றை ஓரம் முழுக்கப் படுக்கவைத்து, மெல்லிய இழையை ஒன்றுவிட்டு ஒன்று துளையில் மேலேற்றி, அதன் மேலாக வளைத்து அதே துளையில் இறக்குங்கள்.

ஈரம் போகாமல் உட்காராதீர்கள். குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பர் மழையில் இந்த வேலையைத் தொடங்கினால் காய்வதற்கு நாளாகும், பூஞ்சணமும் வரலாம். ஜனவரிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகக் கணப்பு பக்கத்தில் வைத்துக் காயவைக்கக் கூடாது, இழை வெடிக்கும். பிரம்பின் அடிப்பக்கத்தில் வார்னிஷ் எதுவும் பூசாதீர்கள். சில வருஷம் கழித்து இருக்கை தொய்ந்தால், ஈரத்துணியால் அந்த அடிப்பக்கத்தை நன்றாக நனைத்து நிழலில் விடுங்கள், இழை இறுகிக்கொள்ளும்.